சவலை

என் அண்ணனின் இறப்புப் பத்திரம் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது. அப்பாவின் சிவப்பு அடையாள அட்டைக்கும் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளுக்கும் அடியில் நான்காக மடித்து வைத்திருந்த அந்தத் தாள், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து போயிருந்தது. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வயதும் ஏழு மாதமும் ஆகியிருந்தபோது அவன் இறந்தான். இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பொருள் காய்ச்சல்.

அந்தச் சொல்லை அம்மா கடைசி வரைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை. "அவன் சவலையாப் போயிச் செத்தான்டி" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் பிறந்தது 1960 ஜனவரியில்.

சவலை என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அடுத்தது தங்கிவிட்டால், மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி மடிப்பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பார்கள். அப்படிப் பால் இழந்து, ஏங்கி, கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு, யாப்பிலக்கணத்தில் இந்தச் சொல் வரும் இடமும் தெரியும். இரண்டாம் அடியின் ஈற்றில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் அந்த அடி முச்சீராகக் குன்றி நின்றால் அது சவலை வெண்பா. வரவேண்டிய ஒன்று வராததால் ஏற்பட்ட குறை என்பதை நம் முன்னோர் செய்யுளிலும் பிள்ளையிலும் ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள்.

இதே பொருளில் இன்னொரு சொல் ஆப்பிரிக்காவிலும் இருந்தது. இன்றைய கானா நாட்டில் கா மொழி பேசும் தாய்மார்கள், அடுத்த பிள்ளை பிறந்ததும் இடம் இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோயைக் குவாஷியோர்கர் என்றார்கள். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் கண்டு, அது உணவில் உள்ள குறையால் வருவது என்று 1933இல் எழுதினார். அந்தத் தாய்மார்களின் சொல்லையே நோயின் பெயராக 1935இல் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். மறு ஆண்டே அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது வேறு விதமான அழிவு. இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரப்படுத்தி, தாய்ப்பால் நன்றாகச் சுரக்கும் தாய்மாரிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய அவர், குழந்தை உணவைப் பற்றிய தவறான பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பாலும் கொலையும் என்பதுதான் அந்த உரையின் தலைப்பு. ஜப்பானியர் காலத்தில் தாம் சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டிருந்தபோது அங்கே 20 குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதும் தாய்ப்பால் குடித்தன என்றும், இருபதும் பிழைத்தன என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உண்ண உணவில்லாத சிறையில் பிழைத்த பிள்ளைகளையும் வேலையும் கூலியும் இருந்த தோட்டத்தில் பிழைக்காத பிள்ளைகளையும் நான் அடிக்கடி அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருந்தது. அம்மா விடியுமுன் எழுந்து, ஐந்து மணிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் அணிவகுப்புக்கு முன்பாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, தனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போய்விடுவார். மரம் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, வாளிகளைச் சுமந்துபோய் நிறுவை போட்டுவிட்டு வீடு திரும்பப் பகல் ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். அந்த எட்டு ஒன்பது மணி நேரமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. "பாலு கட்டிக்கிட்டு வலிக்கும், மரத்தடியில பீச்சி விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போவோம்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். கொட்டகையில் பிள்ளை பசித்து அழும் அதே நேரத்தில் அவனுடைய பால் ரப்பர் மரத்தின் வேரடியில் விழுந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் அவனுக்குக் கிடைத்தது டின் பால். பின்னாளில் அம்மாவே அந்தக் கொட்டகைக்கு ஆயாவாகப் போனதால், அது எப்படிக் கலக்கப்பட்டது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். சம்பள நாள் வரைக்கும் ஒரு டின் வரவேண்டும் என்பதால், "நெறம் வந்தாப் போதும்னு கரைச்சோம்" என்பார். அந்தப் பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. ஆகவே ஒரு கரண்டியைக் குவளை நிறையத் தண்ணீரில் விட்டாலும் இனிக்கும், வெளுப்பாகவும் இருக்கும். பிள்ளையும் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். அதில் புரதமும் கொழுப்பும் எவ்வளவு குறைந்துபோயின என்பது கண்ணுக்குத் தெரியாது. கொழுப்பு நீக்கிய வகை டின் பாலாக இருந்தால் வைட்டமின் ஏ சத்தும் இல்லை. அந்தக் காலத்து மலாயாவில் குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்ததற்கும் கருவிழி கரைந்து பார்வை போனதற்கும் அதுவே ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது. இதற்கு மேல் புட்டியும் கழுவிய தண்ணீரும் கொண்டுவந்த வயிற்றுப்போக்கு.

என் அண்ணனுக்கு முதலில் வந்ததும் வயிற்றுப்போக்குதான். மாந்தம் என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு தோஷம் என்று சொல்லித் தாயத்துக் கட்டினார்கள். தோட்டத்து மருந்தாளரான டிரசர் கொடுத்த மருந்தில் நின்றது, மறு மாதம் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்தான். கடைசியில் மூன்று நாள் காய்ச்சலும் இளைப்பும் கண்டு, நான்காம் நாள் இசிவு வந்து போய்விட்டான். ஆகவே பத்திரத்தில் எழுதியது பொய்யென்று சொல்ல முடியாது. காய்ச்சலில்தான் அவன் இறந்தான்.

ஆனால் அதே வாரம் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் வேறு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் கண்டிருந்தது. அவர்கள் எழுந்து விளையாடப் போனார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உடலுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். போதிய ஊட்டம் இல்லாத குழந்தையின் உடலில், நோயை எதிர்க்கும் அணுக்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி சுருங்கிப்போகிறது. குடலின் உட்சுவர் மெலிந்து, கிருமிகள் உள்ளே நுழைய வழி விடுகிறது. நோய் வந்ததும் பசி அடங்குகிறது. உண்ட சிறிதளவும் வயிற்றுப்போக்கில் போகிறது, காய்ச்சல் உடலின் சேமிப்பை எரிக்கிறது. நோய் தணிந்த பின் இரண்டு மூன்று வாரம் வழக்கத்தைவிட அதிகமாக உண்டால் இழந்ததை மீட்கலாம். அப்படி மீட்பதற்கு முன் அடுத்த நோய் வந்துவிட்டால், முதல் படியிலிருந்து இறங்கிய பிள்ளை இரண்டாம் படியிலிருந்தும் இறங்குகிறது. குவாத்தமாலாவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த நெவின் ஸ்கிரிம்ஷா இந்தச் சுழலை விரிவாக விளக்க, அது 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பசியும் தொற்றும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பதே அதன் சாரம்.

இந்தச் சுழலில் இறக்கும் குழந்தையின் பத்திரத்தில் நிமோனியா என்றோ தட்டம்மை என்றோ வயிற்றுப்போக்கு என்றோ எழுதப்படும். பசி என்று எழுதுவதற்கு யாருக்கும் மனம் வராது, அதற்குக் கட்டமும் இல்லை. கணக்கில் வராத சாவுக்குக் கொள்கையும் வராது. அதனால்தான் பின்வந்த ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டார்கள். குறைந்த எடையுள்ள குழந்தைகள் சாதாரண எடையுள்ளவர்களைவிட எத்தனை மடங்கு அதிகமாக இறக்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து ஊட்டக்குறைவின் பங்கைப் பிரித்தார்கள். 2013இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரின் சாவுகளில் 45 விழுக்காட்டுக்குப் பின்னால் ஊட்டக்குறைவு இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் மட்டும் அது 3.1 மில்லியன் குழந்தைகள்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் எண் வேறொன்று. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பெல்லெட்டியரும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட கணக்கில், ஊட்டக்குறைவோடு தொடர்புடைய சாவுகளில் 83 விழுக்காடு மிதமான, நடுத்தரமான குறையுள்ள குழந்தைகளிடமே நேர்ந்திருந்தது. எலும்பும் தோலுமாகப் படத்தில் வரும் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் அத்தகைய குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. "கொஞ்சம் பூஞ்சை உடம்பு", "அப்பன் மாதிரியே குட்டை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் பிள்ளைகள் ஏராளம், சாவும் அவர்களிடையே அதிகம். என் அண்ணனை யாரும் படம் எடுக்க வந்திருக்கமாட்டார்கள். இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அவன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான் என்று அம்மா சொல்வார்.

தனியொரு சத்தின் குறைகூட உயிரை எடுக்கும் என்பதை அறிய நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியாவின் அச்சேயில், கண் மருத்துவர் ஆல்ஃபிரெட் சோமர் கிராமக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார். பார்வையைக் காக்கப் போனவர் கண்டது, சாவே 34 விழுக்காடு குறைந்ததை. அந்த முடிவு 1986இல் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் ரஹ்மத்துல்லா குழுவினர் வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுத்துச் செய்த ஆய்வில் சாவு 54 விழுக்காடு குறைந்தது. உத்தரப் பிரதேசத்தில் பின்னர் நடந்த மிகப் பெரிய ஆய்வில் பலன் மிகச் சிறிதாகவே தெரிந்தது என்பதையும் சொல்லவேண்டும். சத்துக்குறை எங்கே கடுமையாக இருந்ததோ அங்கேதான் பலனும் பெரிதாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். இதைப் படித்த அன்று எங்கள் ஊர்க் கடையில் ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றேன். செம்பனைப் பழத்திலிருந்து பிழியப்படும் எண்ணெய் இரத்தச் சிவப்பாக இருக்கும். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் அதில் நிறைந்திருப்பதே அந்த நிறத்துக்குக் காரணம். ஆலையில் நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரிக்கும்போது அது அழிந்து, நம் கைக்கு வரும்போது எண்ணெய் வெளிர் மஞ்சளாகிவிடுகிறது. நான்கு புறமும் செம்பனை சூழ்ந்த ஊரில் அதன் கரோட்டின் எங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதில்லை. லயத்து வேலியோரம் நின்ற முருங்கையும் லயங்களோடு போய்விட்டது.

1957இல் தீபகற்ப மலாயாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 75 பேருக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று மலேசியாவில் அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. கிராமப்புறச் சுகாதார நிலையங்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், குழாய்த் தண்ணீர், தடுப்பூசி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்த பொதுச் செலவே அதைச் சாதித்தது. இதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. அதே அளவுக்கு ஒரு வருத்தமும் உண்டு. 1969இல் அரசாங்கம் பயனுறு உணவு, ஊட்டத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது எங்கள் சிலாங்கூர் மாநிலத்தில்தான். ஆனால் தோட்டம் என்பது தனியார் சொத்து, தொழிலாளியின் நலம் முதலாளியின் பொறுப்பு என்ற எண்ணத்தில் கிராமப்புற மேம்பாடு தோட்டத்து எல்லைக்கல்லோடு நின்றது. உள்ளே குடியிருப்புக்கும் கொட்டகைக்கும் சட்டம் இருந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் குழந்தைக் காப்பகத்தை மட்டுமன்றி, பயிரிடவும் மாடு மேய்க்கவும் தொழிலாளிக்கு நிலம் ஒதுக்குவதையும் பேசுகிறது. அதை எழுதியவர்கள் வீட்டுப் பாலும் கீரையும் பிள்ளையின் வயிற்றுக்கு எப்படிப் போகின்றன என்பதை அறிந்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வந்ததா என்பதோ நிர்வாகத்துக்கு நிர்வாகம் வேறுபட்டது. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளி கொண்டுவந்த ரப்பர் பாலையும் நாள்தோறும் நிறுத்து, கணக்கரான கிராணி ஏட்டில் எழுதினார். கொட்டகைப் பிள்ளைகளை நிறுக்கத் தராசு இல்லை.

தராசு ஒன்று என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று இருக்கிறது. காமராசரின் மதிய உணவையும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் எல்லாரும் அறிவோம். அவற்றுக்கு நடுவே 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை அறிந்தவர்கள் குறைவு. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறவேண்டிய அளவுக்கு ஏறாத பிள்ளைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் அந்த உணவைக் கைவிட்டார்கள். பிள்ளை இளைத்து முடியும் வரைக்கும் காத்திராமல், ஏறும் கோடு தடுமாறும் இடத்திலேயே பிடித்தார்கள். பெல்லெட்டியரின் 83 விழுக்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விடையை நான் கண்டதில்லை. எங்கள் நாட்டில் 1989 முதல் நடந்துவரும் உணவுக்கூடைத் திட்டமும் நல்ல திட்டம்தான். அரிசியும் நெத்திலியும் பால்மாவும் வீட்டுக்கு வருகின்றன. ஆனால் அதைப் பெறக் குழந்தையின் எடையும் குறைந்திருக்கவேண்டும், குடும்ப வருமானமும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கூடை இல்லை. இன்று செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளோ எந்தக் கணக்கிலும் அரிதாகவே வருகிறார்கள். அன்று எங்கள் பெற்றோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

பிள்ளைகள் சாவது குறைந்ததும் நாம் அளப்பதில் அக்கறை இழந்துவிட்டோம் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் 2015இல் 17.7 விழுக்காடு, 2019இல் 21.8, 2022இல் 21.2. ஐந்தில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்கிறது. பஞ்சமோ போரோ இல்லாத நாட்டில் இது ஏறியிருக்கிறது. 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் 22 விழுக்காட்டுக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்களிலிருந்து வெளியேறிய நம் மக்களில் பலர் போய்ச் சேர்ந்ததும் அத்தகைய வீடுகளில்தான். இந்தப் பிள்ளைகள் சாகவில்லை. நோய் வந்தால் மருத்துவமனையும் தடுப்பூசியும் காப்பாற்றிவிடுகின்றன. குன்றிய உடலோடும் பின்தங்கிய படிப்போடும் அவர்கள் என் வகுப்பறைக்கு வந்தார்கள். பத்து மணி ஓய்வுவேளைக்கு முன்பே மேசையில் தலை கவிழ்ந்த பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நானும் தொடக்க காலத்தில் கண்டித்திருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சென்ற மாதம், கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண் தன் மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத் துணைக்கு அழைத்தார். அந்தப் பெண் ஒரு தொழிற்சாலையில் மாறுநேர வேலை பார்ப்பவர். குழந்தைக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் ஆகிறது. பகலில் தெருக்கோடியில் ஓர் அம்மாளிடம் விட்டுப் போகிறார். அங்கே சோறும் சோயாச் சாறும், அழுதால் புட்டியில் இனிப்புப் பானமும் கிடைக்கின்றன. கிளினிக் தாதியான மிஸ்ஸி குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒரு கையால் முழங்காலை அழுத்தி, மறு கையால் கட்டையைப் பாதத்தோடு ஒட்டி நகர்த்தி, எண்ணைப் படித்தார். பதிவேட்டில் வளைந்தேறும் கோடுகளுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தார். போன முறை வைத்த புள்ளியை அதோடு இணைத்தபோது, கோடு ஏறாமல் படுத்திருந்தது.

"டீச்சர், நானும் குட்டைதானே, அதனாலயா?" என்று அந்தப் பெண் கேட்டார். இருக்கலாம், ஆனால் உயரம் பரம்பரையால் குறைந்தால் கோடு தாழ்வாக ஓடினாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், இப்படிப் படுக்காது என்று நான் சொன்னேன். தினமும் ஒரு முட்டை, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய், நெத்திலியை வறுத்துப் பொடித்துப் போடுங்கள், இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள் என்று மிஸ்ஸி பொறுமையாகச் சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கும் சொல்லவேண்டும் என்றார். அடுத்த மாதமும் கட்டாயம் அளக்கவேண்டும், குழந்தைகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் என்றார்.

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து வேலை அட்டவணையைப் பார்த்தார். அடுத்த மாதம் முழுவதும் அவருக்குக் காலை வேலை.